நம் தெருவை நாமே வரைபடத்தில் ஏற்றுவோம்



புயல், வெள்ளக் காலங்களில் வெளியூரிலிருந்து நிவாரணம் கொண்டு வருவோர் முதலில் கேட்பது, "எந்தக் குப்பம்? எந்தத் தெரு? வண்டி போகுமா?" என்பதுதான். "பள்ளிவாசலைத் தாண்டி இரண்டாவது சந்து" என்று சொன்னால் நமக்குப் புரியும். பழவேற்காட்டுக்கு முதன்முறை வருபவருக்குப் புரியாது.

இதற்கு உதவுவதுதான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய இந்த உலக வரைபடத்தைத் தன்னார்வலர்களே உருவாக்குகிறார்கள். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம். இதற்கான மென்பொருள்களின் மூலநிரலும் திறந்தே இருக்கிறது. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது உலகெங்குமிருந்து தன்னார்வலர்கள் தெருக்களை வரைந்து தர, மீட்புக் குழுவினர் அதை வைத்தே வழி கண்டார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே இந்த வரைபடத்தின் மீது குறித்தார்கள்.

பங்களிப்பது எப்படி?

1. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்குங்கள். கட்டணம் இல்லை.

2. முதலில் உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள். இருப்பதையே மறுபடி வரைய வேண்டாம். இல்லாததையும் தவறானதையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியை நிறுவுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தைப் பற்றி அது சிறு கேள்விகள் கேட்கும்: இந்தத் தெருவின் பெயர் என்ன? இது மண் சாலையா, தார்ச் சாலையா? பார்த்துப் பதில் சொன்னால் போதும்.

4. வீட்டிலிருந்தபடி செய்ய விரும்பும் சகோதரிகள், கணினியில் அத்தளத்தின் திருத்தும் பக்கத்தைத் திறந்து, அது காட்டும் செயற்கைக்கோள் படத்தின் மீது சந்து, கிணறு, படகுத்துறை ஆகியவற்றை வரையலாம். பெயரைத் தமிழிலும் எழுதுங்கள். என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி குறிப்பு எழுதிச் சேமியுங்கள்.

5. நிரல் எழுதத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் இந்தச் செயலிகளில் காணும் பிழைகளைத் தெரிவிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். நிரல் தெரியாதவர்கள் செயலியின் சொற்களைத் தமிழாக்கித் தரலாம்.

மூன்று எச்சரிக்கைகள். கூகுள் வரைபடத்தைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது. அது பிறர் உடைமை. வீட்டில் வசிப்பவர் பெயரையோ தொலைபேசி எண்ணையோ பதியக் கூடாது. நேரில் அறியாததை ஊகித்து எழுதக் கூடாது. தவறான பாதையை நம்பி ஒரு வண்டி சேற்றில் இறங்கினால், உள்ளே இருக்கும் நோயாளிக்கு யார் பதில் சொல்வது? வழி காட்டுவது அமானிதம்.

நாம் தவறிழைத்தாலும் பிறர் திருத்த முடியும்; ஒவ்வொரு மாற்றமும் பதிவில் இருக்கும். ஆகவே தயங்க வேண்டாம். பெயர்ப்பலகை இல்லாத சந்துகளின் பெயர் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டு, ஐப்பசி மழைக்கு முன் குடும்பத்துக்கு ஒரு தெருவையாவது பதிந்து முடிப்போம்.