வண்டியை மாற்றுவதா, பாதையை மாற்றுவதா?
பிக்கப்பை நான்கு சக்கர இழுவைக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு ஓர் அனுபவப் பாடம்

2021 நவம்பர் மழையை தாம்பரம் பக்கத்து உழவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. மணிமங்கலம் பக்கம் இருக்கும் எங்கள் நிலத்திலிருந்து தார் ரோட்டுக்கு 180 மீட்டர் மண்பாதை. ஒரு சனிக்கிழமை மாலை, மறுநாள் சந்தைக்குப் போகவேண்டிய கத்தரி, வாழைத்தார், முருங்கைக்கீரை எல்லாம் பிக்கப்பில் ஏற்றியாகிவிட்டது. பாதி வழியில் பின்சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. நான் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்த எங்கள் பண்ணை அண்ணன் சேற்றில் வழுக்கி விழுந்தார். வண்டி ஓரடி பின்னால் வந்தது. சேறு ஆழமாக இருந்ததால் கால் உள்ளே அமுங்கித் தப்பியது. கணுக்காலில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. காய் போனது பெரிதில்லை. அவர் வீட்டுக்குப் போய் அந்த அம்மா முகத்தைப் பார்த்ததுதான் பெரிசு.

நான் முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன். எத்தனையோ வண்டிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த வண்டி மழைக்காலத்தில் எந்தப் பாதையில் போகும், சிக்கினால் யார் தள்ளுவார்கள் என்று ஒருவரையும் கேட்டதில்லை.

அந்த வாரமே முடிவு செய்தேன்: வண்டியை நான்கு சக்கர இழுவைக்கு மாற்றிவிடுவது. அதற்காக அலைந்ததில் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

வண்டி ஏன் சிக்குகிறது?

நம் பிக்கப்புகளில் பெரும்பாலானவற்றில் எஞ்சின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில். சுமை இல்லாதபோது எடையில் பெரும்பகுதி முன்னால் நிற்கும். இழுக்கவேண்டிய பின்சக்கரத்தின் மேல் போதிய எடை இருக்காது, பிடிப்பும் இருக்காது.

இரண்டாவது காரணம் டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதலாக உருள வேண்டும், அதற்காக வைத்த அமைப்பு அது. சேற்றில் அதுவே வினை. ஒரு சக்கரம் வழுக்கினால் சுழற்சி முழுவதும் அதற்கே போய்விடும். கெட்டி மண்ணில் நிற்கும் மற்ற சக்கரம் சும்மா நிற்கும். அன்று எனக்கு நடந்தது இதுதான்.

மாற்ற என்னென்ன வேண்டும்?

பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்போன புதுப்பேட்டைக்குப் போனேன். ஜீப் வேலையில் பழுத்த ஒரு மெக்கானிக் கணக்குச் சொன்னார்:

1. கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்க டிரான்ஸ்பர் கேஸ். நம் கியர்பாக்ஸோடு அது பொருந்த வேண்டும், தாங்கப் புதிய குறுக்குச் சட்டம் வேண்டும்.
2. டிஃபரன்ஷியலோடு கூடிய முன் ஆக்சில். சக்கரம் திரும்பிக்கொண்டே சுழல வேண்டியதால் அதற்குரிய ஜாயின்ட்டுகளும் வேண்டும்.
3. முன்பக்கத்துக்கு ஒரு ப்ரொபெல்லர் ஷாஃப்ட். பின்ஷாஃப்ட்டையும் வெட்டி நீளத்தைச் சரிசெய்து பேலன்ஸ் பண்ண வேண்டும்.
4. ஸ்பிரிங், ஸ்டியரிங், பிரேக் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும்.

பழைய ஜீப்புகளில் முன்னாலும் பட்டை ஸ்பிரிங். அதில் ஆக்சிலைக் கழற்றி மாட்டுவது ஓரளவு சுலபம். இன்றைய பிக்கப் பலவற்றில் முன்சக்கரங்கள் தனித்தனியாக அசையும் அமைப்பு. அதில் ஆக்சில் உட்கார இடமே கிடையாது.

யாராவது "பழைய ஆக்சில் இருக்கு, மாட்டிடலாம்" என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: முன், பின் கிரவுன்–பினியன் பல் விகிதம் ஒன்றா? பின்னால் 41/9, முன்னால் 43/9 என்றால் இரண்டும் வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். சேற்றில் வழுக்கிச் சமாளிக்கும். கெட்டித் தரையில் ஒன்றையொன்று முறுக்கி ஏதாவது ஒன்று உடையும்.

விகிதத்தை நாமே பார்க்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கைபிரேக்கை எடுத்துவிடுங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வையுங்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். ஆள் வண்டிக்கு அடியில் போகாமல் பக்கத்திலிருந்தே எண்ணலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மெக்கானிக் நேர்மையான மனுஷன். "பண்ணலாம் சார். ஆனா பேப்பர்ல நிக்காது" என்றார். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. டிரான்ஸ்பர் கேஸும் முன் ஆக்சிலும் ஏறினால் வண்டியின் வெறும் எடை கூடும். வெறும் எடை ஆர்.சி.யில் இருக்கிற விவரம். எடை கூடிய அளவுக்கு நாம் ஏற்றும் பாரமும் குறையும்.

வங்கிக்காரனாக இன்னொன்றும் சொல்கிறேன். கடன் தீராத வண்டியில் கடன் கொடுத்தவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் மாற்றம் செய்யக்கூடாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் வண்டி எப்படி இருந்தது என்றுதான் பார்க்கும். அறிவிக்காத மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுத்தால், தள்ளினவர் காலுக்கும் நாமே பொறுப்பு.

மெக்கானிக் சொன்ன செலவு இரண்டரை லட்சம். விட்டுவிட்டேன்.

பிறகு என்ன செய்தேன்?

மழை விட்டதும் ஒரு கடப்பாரையோடு பாதையில் நடந்தேன். பத்தடிக்கு ஒரு குத்து. 180 மீட்டரில் 120 மீட்டர் கெட்டியாகத்தான் இருந்தது. நடுவே 60 மீட்டர் களிமண்ணில்தான் பாரை இறங்கியது. அங்கே பாதை வயலைவிடத் தாழ்வு. இரண்டு பக்கத்துத் தண்ணீரும் அதில்தான் வந்து நின்றது. பயிருக்குப் பூச்சி வந்தால் மண்ணைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நான், வண்டி சிக்கியதும் மண்ணைப் பார்க்காமல் உதிரிபாகம் தேடிப் போயிருக்கிறேன்!

கோடையில் வேலையை ஆரம்பித்தோம்.

- இரு ஓரமும் ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, தண்ணீரைத் தாழ்வான பக்கம் விட்டோம். தண்ணீர் குறுக்கே கடக்கும் இரண்டு இடத்தில் சிமென்ட் குழாய்.
- களிமண் மேல் தென்னை நார் வலை விரித்தோம். போடும் சரளை களிமண்ணுக்குள் புதையாமல் அது பிரித்து நிறுத்தும். 2020-இல் மத்திய அரசு கிராமச் சாலைத் திட்டத்திலேயே இந்த வலையை அனுமதித்திருக்கிறது.
- அதன்மேல் 3 மீட்டர் அகலம், 20 செ.மீ. உயரத்துக்குச் சரளை. 36 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 13 யூனிட். நடுவை மேடாக்கி, இரு பக்கமும் சரிவு கொடுத்தோம்.
- ஓரம் கரையாமல் இருக்க வெட்டிவேர் நட்டோம்.

ஜே.சி.பி. வாடகையும் சேர்த்து 64,000 ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு வந்த எந்த மழையிலும் வண்டி சிக்கவில்லை. பால்காரர் வண்டியும் பக்கத்து நிலத்துக்காரர் டிராக்டரும் இதே பாதையில்தான் போகின்றன.

வண்டிக்குச் செய்யக்கூடியவை

மேலே மெல்லிய சேறு, அடியில் கெட்டித் தரை என்றால் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே ஐந்தாறு எரு மூட்டைகளை அடுக்கிக் கட்டுங்கள். அடியும் இளக்கமாக இருந்தால் எடை வேண்டாம், இன்னும் புதையும். தேய்ந்த டயரை மழைக்கு முன்பே மாற்றி, பின்னால் ஆழமான பட்டன் உள்ளதாகப் போடுங்கள். சிக்கிய இடத்தில் வெறும் வண்டியின் பின்டயர் காற்றை 20–22 பவுண்டு வரை இறக்கினால் டயர் தரையில் அதிகம் படியும். மெதுவாக வெளியே வந்து, தார் ரோடு ஏறுமுன் திரும்ப நிரப்பிவிட வேண்டும். தென்னை மட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் கொடுத்து, இரண்டாவது கியரில் நிதானமாக எடுங்கள். சக்கரம் சுற்றினால் உடனே காலை எடுங்கள். சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் நின்று யாரும் தள்ளக்கூடாது. கயிறு கட்டி முன்னாலிருந்து டிராக்டரால் இழுங்கள். கயிறு அறுந்தால் அடிக்கும், அதனால் அருகில் யாரும் நிற்க வேண்டாம்.

யாருக்கு நான்கு சக்கர இழுவை தேவை?

கொல்லிமலை, ஜவ்வாது, கொடைக்கானல் கீழ்மலை போல ஏற்றத்தில், நாம் திருத்த முடியாத பாதையில் தினமும் சுமை ஏற்றுபவர்களுக்கு அது அவசியம்தான். அவர்கள் தொழிற்சாலையிலேயே அப்படித் தயாரான, ஆர்.சி.யில் பதிவான வண்டியைப் பழையதாகவாவது வாங்குங்கள்.

வெள்ளத்துக்கு மட்டும் எந்த வண்டியும் உதவாது. 2015 டிசம்பர் 1, 2-இல் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் காய் வயலிலேயே கிடக்கட்டும்.

ஐப்பசி வருவதற்குள் ஒரு கடப்பாரையோடு உங்கள் பாதையில் நடந்து பாருங்கள். எங்கள் பாதையில் நடக்கும்போது அந்த அண்ணனும் கூட வந்தார். பாரை இறங்கிய இடத்தைக் காட்டி, "இதை அன்னிக்கே பார்த்திருக்கலாம் ஐயா" என்றார். எனக்குப் பதில் சொல்ல ஒன்றுமில்லை.