முதலில் சாதத்தைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. என் அண்ணனும் ஊர் வந்து சேர்ந்த மறுநாள் காலையிலேயே திண்ணையில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஜப்பானில் நீயும் மாப்பிள்ளையும் தன்னைப் பார்த்துக்கொண்ட விதத்தைப் பெருமையாகத்தான் சொன்னார். நீ கூட்டிக்கொண்டு போன சுஷி கடைப் பேச்சு வந்தபோது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

"இந்த ஊர்ச் சாப்பாட்டுச் சகவாசமே இனி வேண்டாம் சித்தப்பா" என்று முடித்திருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இரண்டு தடவை ஏமாந்ததற்காக, நீ இன்னும் பல வருஷம் பிழைக்கப் போகிற ஊரின் சாப்பாட்டையே தள்ளி வைத்துவிடாதே. டோக்கியோவில் பதினொரு வருஷம் ஒரு சுஷி கடையின் அடுப்படியில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதல் தடவை ஒன்றே முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறீர்கள். உள்ளே போனால் சாதம் குளிர்ந்து கட்டிதட்டிக் கிடந்தது, சூரை மீன் தண்ணீர் விட்டுத் தட்டெல்லாம் சிவப்பாய் ஊறியிருந்தது, பாதி சாப்பிடும்போதே நேரமாயிற்று என்று பில்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். "எனக்கு ருசி பார்க்கத் தெரியவில்லையோ?" என்று நீ கேட்டிருப்பதுதான் எனக்கு வருத்தம். உன் நாக்கில் ஒரு குறையும் இல்லை. நீ கண்டுபிடித்த இரண்டும் பெரிய தப்புகள். எங்கள் கடையில் அப்படி ஒரு தட்டு போயிருந்தால் முதலாளி அன்றைக்கு யாரிடமும் பேசியிருக்க மாட்டார்.

சுஷி என்றால் பச்சை மீன் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். அந்தப் பெயரே புளிப்பிலிருந்து வந்தது. பீவா ஏரிப் பக்கம் இன்றைக்கும் மீனைச் சாதத்தில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைக்கிறார்கள். அதுதான் ஆதி சுஷி. கையில் பிடித்து உடனே நீட்டுகிற சுஷி, டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், 1820களில் பரவியது. எப்படிப் பார்த்தாலும் சாதம்தான் அதன் உயிர்.

எங்கள் கடையில் ஒன்பது பேர் உட்காரலாம். முதல் ஒரு வருஷம் எனக்கு இரண்டே வேலை. ஒன்று பாத்திரம் தேய்ப்பது, இன்னொன்று விசிறி வீசுவது. ஹங்கிரி என்று அகலமான மரத்தொட்டி ஒன்று உண்டு. சோறு வெந்து ஆவி பறக்க அதில் கொட்டியதும், வினிகரும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை முதலாளி மேலே தெளிப்பார். பிறகு மரக்கரண்டியைச் செங்குத்தாக இறக்கி, வெட்டிவிடுவது போல விலக்கிக்கொண்டே போவார். பிசையக் கூடாது, பிசைந்தால் களியாகிவிடும். நான் எதிரில் நின்று காகித விசிறியால் வீசுவேன். பருக்கை ஒவ்வொன்றிலும் மினுமினுப்பு ஏறும். ஆறியதும் தொட்டியின் மேல் ஈரத்துணியைப் போட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கைச்சூடும் சாதத்தின் சூடும் ஒன்றாக இருந்தால்தான் கடைத் திரைச்சீலையை வெளியே மாட்டச் சொல்வார். ஒரு நாள் ரயில் தாமதமாகி எல்லாம் பிந்திப்போனது. வாசலில் ஆறு பேர் நிற்கிறார்கள், திரைச்சீலை மாட்டவில்லை. அவர்களிடம் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, சாதம் ஆறும்வரை காத்திருந்தார்.

உனக்குக் கிடைத்தது குளிர்பெட்டிக்குள் போய் வந்த சாதமாகத்தான் இருக்கும். குளிர்ந்தால் சோறு இறுகும், நம் வீட்டில் மிஞ்சிய சோறும் அப்படித்தானே. சூரை மீன் விஷயமும் அதே அவசரம்தான். ஆழ்கடலில் பிடிக்கிற சூரையை மைனஸ் 60 டிகிரியில் உறைய வைத்துக் கொண்டுவருகிறார்கள். அதில் தப்பே இல்லை. அதை இளஞ்சூடான உப்பு நீரில் கொஞ்ச நேரம் விட்டு எடுத்து, ஈரம் ஒற்றி, தாளில் சுற்றிக் குளிரில் வைத்து மெல்ல இளக வைக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாமல் வெளியில் எடுத்துப் போட்டால் ரத்த நீர் கசிந்து, மீனின் ருசி தட்டோடு போய்விடும்.

பெயர் வாங்கிய கடையில் ஏன் இப்படி ஆகிறது? 2024-இல் மட்டும் ஜப்பானுக்கு வெளிநாட்டுப் பயணிகள் 3 கோடியே 68 லட்சம் பேர் வந்திருக்கிறார்கள். கைபேசியில் ஒரே பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரே வாசலில் போய் நிற்கிறவர்கள் அதில் எத்தனையோ பேர். இருபது பேருக்குச் சமைத்த கை இருநூறு பேருக்குச் சமைக்க வேண்டி வருகிறது. இரண்டாவது கடை திறக்கிறார்கள், தேர்ந்த கை அங்கே போய்விடுகிறது. அந்தக் காலத்தில் கடை பெருகுவதற்கு ஒரு முறை இருந்தது. பல வருஷம் கூடவே நின்று தொழில் கற்ற சீடனுக்குத்தான் முதலாளி தன் கடைப் பெயரைக் கொடுப்பார். நோரென் வாக்கே என்பார்கள், திரைச்சீலையைப் பங்கு பிரிப்பது. இப்போது பல இடங்களில் பெயர் மட்டும் போகிறது, கூடவே கை போவதில்லை. அரிசி விலையும் சேர்ந்துகொண்டது. 2025 வசந்தத்தில் அங்கே 5 கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டியது. முந்தைய வருஷத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அரிசியில் கை வைக்கிற கடைக்காரர் இருந்திருப்பார்.

சுழல் பட்டையில் தட்டு வரும் மலிவுக் கடைகளை நான் குறை சொல்ல மாட்டேன். பீர் ஆலையில் பாட்டில்கள் பட்டையில் நகர்வதைப் பார்த்து ஷிராய்ஷி யோஷியாகி 1958-இல் ஒசாகா பக்கம் தொடங்கிய முறை அது. விலையும் தெரியும், தரமும் தெரியும், குழந்தைகளோடு போய் வயிறாரச் சாப்பிட்டு வரலாம். சின்னக் கடையின் விலையை வாங்கிக்கொண்டு பட்டைக் கடையின் வேகத்தில் வேலை செய்கிற இடம்தான் ஏமாற்று. நீ போனது அப்படிப்பட்ட இடம்.

பரிமாறிய பெண்ணைப் பற்றி நீ கோபமாக எழுதியிருப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் பாப்பா. அவள் பேச்சு வெளிநாட்டுப் பேச்சாக இருந்தது என்கிறாய். படிக்க வந்த பிள்ளையாக இருக்கலாம். மாணவர் விசாவில் இருப்பவர்கள் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்த மணிக்கூலியில்தான் வாடகை, பாடச் செலவு, ஊருக்கு அனுப்புகிற பணம் எல்லாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எழுந்திருக்கச் சொன்னது அவள் வாய், சொல்ல வைத்தது உள்ளே இருக்கிறவர். கடையைப் பற்றி எங்கேயாவது எழுதுவதாக இருந்தால் சாதத்தைப் பற்றி எழுது, மீனைப் பற்றி எழுது. அவளைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

அதைவிட நல்லது, அங்கேயே சொல்லிவிடுவது. வெளியே வந்து பொருமாதே. "சுமிமாசென்" என்று மெதுவாகக் கூப்பிட்டு, சாதம் குளிர்ந்திருக்கிறது என்று இரண்டு சொல்லில் சொல். மானமுள்ள கடைக்காரர் உடனே வேறு பிடித்துத் தருவார். தரவில்லையென்றால் அந்த வாசலை மறந்துவிடு. நீயோ முதல் தடவை வாயே திறக்காமல் வந்து, கூட்டத்தை நம்பி, அண்ணனை வேறு அதே கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய்.

அண்ணன் முப்பது வருஷமாக மீன், கறி தொடாதவர் என்பது உனக்குத் தெரியும். நீயும் இறைச்சி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறாய். அவர்கள் காதில் அது "நிக்கு" வேண்டாம் என்றுதான் விழுந்திருக்கும். அந்தச் சொல்லுக்குள் மீன் அடங்காது. வெள்ளரிக்காய் சுஷி சரி. மிசோ சூப்பில் டோஃபுவும் பாசியும்தானே மிதக்கிறது என்று நீ நினைத்தாய். அந்தத் தண்ணீர்தான் தாஷி. காய்ந்து கட்டையாய்ப் போன சூரையைச் சீவி வெந்நீரில் ஊறவைத்து இறக்குகிற சாறு அது. இலங்கைக்காரர்கள் சம்பலில் இடித்துப் போடுகிற மாசிக்கருவாட்டுக்கு உடன்பிறப்பு என்று வைத்துக்கொள். சூப்பில் மட்டுமில்லை, முட்டைச் சுருளிலும், அவித்த காய்கறியிலும், நூடுல்ஸ் குழம்பிலும் அது இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. கீரைக் கூட்டு மாதிரி இருப்பதிலும் இருக்கும்.

அதனால் அசைவமா என்று கேட்காதே. "தாஷி ஹைத்தே இமாஸ்கா", தாஷி சேர்ந்திருக்கிறதா என்று கேள். அடுத்த கேள்வி, அது மீனிலிருந்தா, கொம்பு என்கிற கடற்பாசியிலிருந்தா என்பது. பாசியில் மட்டும் இறக்குகிற தாஷியும் உண்டு. இக்கேதா கிகுனாயே என்ற வேதியியல் பேராசிரியர் 1908-இல் உமாமி என்கிற சுவையைப் பிரித்தெடுத்தது அந்தப் பாசியிலிருந்துதான். ஷோஜின் ரியோரி என்று புத்த மடங்களின் சமையல் ஒன்று இருக்கிறது. மீன் கிடையாது, முட்டை கிடையாது, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. பாசியும் உலர்ந்த ஷிய்தாக்கே காளானும்தான் சாற்றுக்கு. அண்ணனுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். கோயா மலையில் மடத்திலேயே தங்கி அதைச் சாப்பிடலாம்.

அண்ணன் தெரியாமல் அந்தச் சூப்பைக் குடித்ததை நினைத்து நீ அழுதாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அழாதே. அண்ணன் சாரங்கபாணி கோயிலுக்குப் போய் வந்துவிட்டார். "தெரியாமல் நடந்தது, பிள்ளை மனசு கஷ்டப்படக் கூடாது" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ரயிலடியை விட்டு ஒரு தெரு தள்ளிப் போ. எட்டு, பத்து இருக்கை உள்ள, அந்தத் தெருக்காரர்கள் வந்துபோகிற கடையாகப் பார். மதியம் போ, பல சுஷி கடைகளில் மதியச் சாப்பாட்டு விலை ராத்திரி விலையில் பாதிகூட இருக்காது. பலகைக்கு எதிரே, பிடித்துத் தருகிறவரின் கை தெரியும் இடத்தில் உட்கார். தந்ததை உடனே சாப்பிடு, படம் எடுத்துக்கொண்டிருந்தால் சாதம் ஆறிவிடும். மீனின் ஓரத்தை மட்டும் சோயாவில் தொடு, சாதத்தை நனைக்காதே. நன்றாக இருந்தால் எழுந்திருக்கும்போது "கோச்சிசோசாமா" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். அதே மாதத்தில் இன்னொரு தடவை போ. மூன்றாவது தடவை அவரே உன்னைக் கேட்பார், உன் ஊர் எது என்று.

அண்ணன் அடுத்த வருஷம் மறுபடி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கோயா மலையில் ஓர் இரவுக்கு இப்போதே கேட்டு வை. அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம் மாப்பிள்ளையோடு சின்னக் கடை ஒன்றுக்குப் போய் வந்து, சாதம் எந்தச் சூட்டில் இருந்தது என்று எனக்கு எழுது.

உன் சித்தப்பா
கும்பகோணம்