பாடம் 12: விளம்பரத்துக்கு ஒரு வடிகட்டி

படிப்போம்

சனிக்கிழமை காலை. பாட்டி மடிக்கணினியில் பழைய பாட்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். திடீரென்று திரை சிவப்பானது. "உங்கள் கணினியில் வைரஸ்! உடனே இந்த எண்ணை அழையுங்கள்!" என்று எழுத்துகள் மின்னின. பாட்டி பயந்துபோய்த் தொலைபேசியைக் கையில் எடுத்தார்.

"கூப்பிடாதீங்க பாட்டி!" என்று நிலா ஓடி வந்தாள். "அது பொய் விளம்பரம். கூப்பிட்டா பணம் கேப்பாங்க."

"ஐயோ, நான் நம்பிட்டேனே கண்ணு!"

நிலா அந்தப் பக்கத்தை மூடினாள். "அம்மாகிட்ட கேட்டு, விளம்பரத்தைத் தடுக்கிற நீட்சி ஒண்ணு போடலாம் பாட்டி."

"நீட்சின்னா என்ன?"

"உலாவியோட சேர்த்துக்கிற சின்ன நிரல். நாம ஒரு பக்கத்தைத் திறந்தா, படம், எழுத்து, விளம்பரம் எல்லாத்தையும் உலாவி பல இடத்திலிருந்து கேட்டு வாங்கும். நீட்சிகிட்ட ஒரு பட்டியல் இருக்கு. விளம்பரம் வர்ற முகவரி அந்தப் பட்டியல்ல இருந்தா, உள்ளே விடாது."

பாட்டி சிரித்தார். "டீ வடிகட்டி மாதிரி! டீ இறங்கும், தூள் மேலேயே நிக்கும்."

அம்மா பயர்பாக்ஸ் உலாவியில் 'யூபிளாக் ஆரிஜின்' என்ற நீட்சியைச் சேர்த்தார். அது 2014-இல் வெளிவந்தது, இலவசமானது.

"கண்ட நீட்சியையும் போடக்கூடாது நிலா. நாம பாக்கிற பக்கங்களை அதால படிக்க முடியும். போலி நீட்சிகளும் இருக்கு" என்றார் அம்மா.

பாட்டி யோசித்தார். "நல்ல தளம் நடத்துறவங்களுக்கும் விளம்பரத்துலதானே காசு வரும்?"

"ஆமா அத்தை. நாம நம்புற தளத்துல மட்டும் நீட்சியை அணைச்சு வைக்கலாம்."

"வடிகட்டியிலயும் சில நேரம் தூள் இறங்கிடும். இனிமே பயம் வந்தா, முதல்ல உங்களைக் கூப்பிடுறேன்" என்றார் பாட்டி.

சொல்லும் பொருளும்

உலாவி – இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் செயலி
நீட்சி – உலாவியுடன் சேர்க்கும் சிறு நிரல்
போலி – உண்மை போலத் தோன்றும் பொய்

பேச்சும் எழுத்தும்

கூப்பிட்டா – கூப்பிட்டால்
நம்பிட்டேனே – நம்பிவிட்டேனே
இனிமே – __________
பாக்கிற – __________

விடை கூறுங்கள்

1. பாட்டி ஏன் பயந்தார்?
2. நீட்சி விளம்பரத்தை எப்படித் தடுக்கிறது?
3. எந்தத் தளத்தில் நீட்சியை அணைத்து வைக்கலாம்? ஏன்?

பேசுங்கள்

இப்படி ஒரு பொய் விளம்பரம் வந்தால் என்ன செய்ய வேண்டும்? உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குத் தமிழில் சொல்லிக் கொடுங்கள்.