நிரப்பி வைத்தால் சுருள்வில் தளருமா?

துப்பாக்கியின் மேகசினில் தோட்டாக்களை நிரப்பி நெடுநாள் வைத்திருந்தால் அதன் சுருள்வில் வலுவிழந்துவிடும் என்ற நம்பிக்கை துப்பாக்கியைக் கையாள்வோரிடையே பரவலாக உண்டு. (மேகசின் என்றதும் கையிலிருக்கும் இம்மலரை எண்ண வேண்டா. இரண்டும் ‘கிடங்கு’ எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்த பெயர்களே!) இதனால் சிலர் நாள்தோறும் தோட்டாக்களை இறக்கி, மறுபடி ஏற்றி வைப்பர். இவ்வழக்கம் வில்லைக் காக்கிறதா என்பதை இயற்பியல் கொண்டு ஆராய்வோம்.

மேகசினின் அடியிலிருந்து எழும் சுருள்வில் ஒரு தட்டைத் தாங்கி நிற்கிறது. தோட்டாக்களைத் திணிக்கத் திணிக்க வில் அமுங்குகிறது. சுடும்போது பின்னோக்கிச் சென்ற போல்ட் முன்னோக்கித் திரும்புவதற்குள் வில் அடுத்த தோட்டாவை மேலே தள்ளியாக வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் வினாடியில் மிகச் சிறு பகுதியே. மேகசின் காலியாகக் காலியாக வில்லின் விசையும் குறைகிறது. ஆகவே தளர்ந்த வில் பெரும்பாலும் கடைசித் தோட்டாக்களில்தான் காலை வாரிவிடும்.

நம் ஆய்வகத்தில் சுருள்வில்லில் எடைகளைத் தொங்கவிட்டு நீட்சியை அளக்கிறோம். 1678இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி இதுவே. மீட்சி எல்லைக்குள் இருக்கும்வரை, எடையை எடுத்ததும் வில் பழைய நீளத்தை அடைகிறது. எல்லையைத் தாண்டினாலோ, ஒரே நொடியில் நிலையான திரிபு ஏற்பட்டுவிடுகிறது. ஆகவே எவ்வளவு காலம் அமுங்கியிருந்தது என்பதைவிட, எவ்வளவு தூரம் அமுக்கப்பட்டது என்பதே முதன்மையான கேள்வி.

காலத்துக்குப் பங்கே இல்லை என்பதற்கில்லை. நிலையான தகைவின்கீழ் எஃகும் மெல்லத் தளர்கிறது. ஆனால் சாதாரண வெப்பநிலையில், எல்லைக்கு உட்பட்டு, அது மிகச் சிறிது. உற்பத்தியாளர்கள் புது வில்லை முழுவதும் அமுக்கி, தொடக்கத் தளர்ச்சியைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிடுவதும் உண்டு.

இனி உலோகச் சோர்வு. ஒருமுறை எளிதில் தாங்கும் சுமையே மீண்டும் மீண்டும் மாறி விழுந்தால் முறிவு நேரும் என்பதை இரயில் வண்டி அச்சுகளைக் கொண்டு 19ஆம் நூற்றாண்டில் காட்டினார், ஜெர்மானியப் பொறியாளர் ஆகுஸ்ட் வோலர். அப்படியாயின் தினமும் இறக்கி ஏற்றுவதே கேடன்றோ? கணக்குப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஒருமுறை எனில் ஆண்டுக்கு 365. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் மோட்டார் எஞ்சினின் வால்வு வில் ஒரே நிமிடத்தில் 1500 முறை அமுங்கி எழுகிறது! எனவே தினசரி வழக்கத்தால் வில்லுக்குப் பெருங்கேடும் இல்லை, நன்மையும் இல்லை. கேடு தோட்டாவுக்குத்தான். ஒரே தோட்டாவை அடிக்கடி அறைக்குள் ஏற்றி இறக்கினால் குண்டு உறைக்குள் பின்வாங்கக்கூடும். அதைச் சுடும்போது அழுத்தம் அபாய அளவுக்கு உயரும்.

பழைய நம்பிக்கை அடியோடு பொய்யும் அன்று. சிறிய கைத்துப்பாக்கியில் நிறையத் தோட்டாக்களை அடைக்க முயலும்போது வில்லுக்கு இடம் குறைந்து, தகைவு எல்லையை நெருங்குகிறது. அத்தகைய வில் நாளடைவில் தளரவே செய்யும். பிரென் துப்பாக்கியின் 30 தோட்டா மேகசினில் 28உம், வியட்நாம் போரில் எம்-16இன் 20 தோட்டா மேகசினில் 18உம் நிரப்பியதுண்டு. ஒன்றிரண்டு குறைத்தால் வில்லின் சுமையும் குறைகிறது.

பலரும் கவனியாத உறுப்பு ஒன்றுண்டு. வில்லின் முழு விசையையும் எதிர்த்துத் தோட்டாக்களைப் பிடித்து நிற்பவை மேகசினின் மேல் விளிம்புகளே. அவை விரிந்துவிட்டால் வில் எவ்வளவு நன்றாயிருந்தும் தோட்டா சரியான கோணத்தில் ஏறாது. பிளாஸ்டிக் மேகசின்கள் சிலவற்றை விற்கும்போதே, விளிம்பின் மீதுள்ள அழுத்தத்தை நீக்கும் மூடி ஒன்றையும் சேர்த்தே தருகின்றனர்.