வேற்றுமொழி நாட்டில் முதல் மாதம்
கடல் கடந்து கற்கச் செல்வார்க்குச் சில பாடங்கள்

நம் கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு பணிக்கப்பெற்றபோது, எதனை எழுதுவதென்று யாம் நெடுநேரம் எண்ணினோம். கல்லூரியின் பழம்பெருமையைக் கூறுதற்குத் தகுதி வாய்ந்த மூத்தோர் பலர் உளர். ஆதலின், உயர்கல்வியின்பொருட்டுக் கடல் கடக்க எண்ணும் இளைய மாணாக்கர்க்குப் பயன்படும் ஒன்றைக் கூறுதலே நன்றெனத் துணிந்தோம். ஆங்கில நாடுகளுக்குச் செல்வார்க்கு வழிகாட்டுவோர் பலர். ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளோ ஏறத்தாழ இருபது. அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 50 கோடியினர். அங்குச் செல்வார்க்கு வழி கூறுவோர் நம்மிடையே மிகச் சிலர்.

பாசிக்குடாவிற் பிறந்த யாம், பயிர்த்தொழிற் கல்வியின்பொருட்டு மெக்சிகோ நாட்டிற்குச் சென்றோம். எம்மை அனுப்புதற்காக எந்தையார் தமது வயலை ஈடு வைத்தார். அக்கடனின் சுமை எம் நெஞ்சினின்றும் ஒருநாளும் நீங்கியதில்லை.

முதலில் எம்மை வருத்தியது மொழியன்று, காற்று. மெக்சிகோ நகரும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் கடல்மட்டத்திற்கு 2,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளன. நம் நுவரெலியா இதனினும் தாழ்ந்தது. கடற்கரையில் வளர்ந்த யாம் இரண்டு மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சிரைத்து நின்றோம். அங்கு நீர் ஏறத்தாழ 93 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஆதலால் அரிசி வேகவும் நேரம் நீளும். முதல்நாள் யாம் ஆக்கிய சோறு அரைவேக்காடாயிற்று. பாசிக்குடாவில் காலை 6 மணியாகும்போது அங்கு முந்தின நாள் மாலை 6½ மணி. வீட்டார் எழும்பொழுது எமக்கு இருள் சூழும்.

அடுத்து வருத்தியது பெயர். ஸ்பானிய நாடுகளில் ஒருவர்க்குத் தந்தைவழிக் குடும்பப்பெயரும் தாய்வழிக் குடும்பப்பெயரும் என இரண்டு உண்டு. நமக்கோ குடும்பப்பெயர் இல்லை; தந்தையின் பெயரும் தன் பெயருமே உள. கடவுச்சீட்டிற் குடும்பப்பெயருக்குரிய இடத்தில் எந்தையார் பெயர் இருந்தமையின், வகுப்பில் எம்மை அப்பெயராலேயே அழைத்தனர். முதலிரு நாளும் வாளா இருந்தோம். பின்னரே அழைக்கப்படுபவர் யாமே என உணர்ந்தோம். அதன்பின் ஒவ்வொரு காலையும் எந்தையார் பெயருக்கு எழுந்து நின்று விடை கூறும்போது, ஈடு வைத்த வயலே கண்முன் தோன்றும்.

மூன்றாவதாக வந்தது மொழி. ஊரிலே ஆறு மாதம் புத்தகத்தின் துணைகொண்டு ஸ்பானியம் பயின்றிருந்தோம். ஆயினும் பேராசிரியர் பேசத் தொடங்கியதும் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மூன்று வாரம் ஊமைபோல் இருந்தோம். திரும்பி வரவே எண்ணி எந்தையாருக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்தோம்.

அக்கடிதத்தை அனுப்பாமைக்குக் காரணம் ஒரு கதிரை. யாம் தங்கியிருந்த வீட்டின் முதிய அம்மையார் ஒருநாள் உணவு பரிமாறுகையில் ஒவ்வொரு பொருளையும் சுட்டிப் பெயர் கூறினார். மேசையை 'மேசா' என்றார். பாணைப் 'பான்' என்றார். கோப்பையைக் 'கோப்பா' என்றார். துவாயைத் 'தோவாயா' என்றார். அவர் சமைத்த இடம் 'கொசீனா'. எமக்குத் திடுக்கிட்டது. இவை எம் தாயார் நாள்தோறும் வழங்கும் மேசை, பாண், கோப்பை, துவாய், குசினி அல்லவோ! சப்பாத்து அங்கே 'சபாத்தோ', அலுமாரி 'அர்மாரியோ', வாங்கு 'பாங்கோ', ரோதை 'ருவேதா'. மகிழ்ச்சி மேலிட்டு, இருக்க ஒரு 'கதேரா' தருமாறு கேட்டோம். வீடே கொல்லென்று சிரித்தது. அம்மொழியில் 'கதேரா' என்பது இடுப்பாம். கதிரைக்குச் 'சீயா' என்று பெயராம். யாமும் சிரித்தோம். அங்குச் சென்றபின் பிறரோடு சேர்ந்து சிரித்தது அன்றுதான். அன்றிரவே கடிதத்தைக் கிழித்தெறிந்தோம்.

இவ்வொற்றுமைக்குக் காரணம் நம்மூர் வரலாற்றிலேயே உளது. போர்த்துக்கேயர் 1628 ஆம் ஆண்டு மட்டக்களப்பிற் கோட்டை கட்டினர். 1638 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆண்டவர் அகன்றனர், அவர்தம் சொற்கள் நம் வீட்டினுள் தங்கின. மட்டக்களப்புப் பறங்கியர் சிலர் இன்றும் போர்த்துக்கேயக் கலப்புமொழியைப் பேசுகின்றனர். போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் இலத்தீன் ஈன்ற உடன்பிறப்புக்கள். உடன்பிறந்தாரிடையேயும் வேற்றுமை உண்டு என்பதற்குக் கதிரையே சான்று. யன்னலும் அவ்வாறே, அது போர்த்துக்கேயச் சொல், ஸ்பானியத்தில் அதற்குப் பெயர் 'பெந்தானா'. எனவே ஒலியொப்புமையை முற்றும் நம்பற்க, கேட்டுத் தெளிக.

தமிழ் கற்றார்க்கு இம்மொழியில் வேறு சில எளிமைகளும் உள. 'எழுதுகிறேன்' என்னும் வினையின் ஈறே 'நான்' என்பதைக் காட்டிவிடுதல்போல, 'எஸ்கிரிபோ' என்னும் சொல்லும் எழுவாயை வேண்டாது நிற்கும். 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாடுபோல் 'தூ', 'உஸ்தேத்' என இரண்டு உண்டு. ஆசிரியரையும் முதியோரையும் 'உஸ்தேத்' என்றே அழைத்தல் வேண்டும். நம் ஞகரம் அவர்க்கும் உண்டு. அரம், அறம் என்பவற்றை வேறுபடுத்தக் கற்ற நமக்கு, 'ஆனால்' எனப் பொருள்படும் 'பெரோ'வையும், நாயைக் குறிக்கும் 'பெர்ரோ'வையும் வேறுபடுத்துதல் அரிதன்று. அரியது பால்வகுப்பே. உயிரற்ற மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். திணையறிந்து பால் வகுக்கும் நமக்கு இது விளங்காது. சொல்லோடு சேர்த்தே மனனம் செய்தல் வேண்டும்.

உணவைப்பற்றி அஞ்ச வேண்டுவதில்லை. நம் கறிக்கு உறைப்பூட்டும் மிளகாய்க்குத் தாயகம் மெக்சிகோ. சோளத்திற்கும் அதுவே தாயகம். பப்பாளியும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்தினின்றும் நம்மிடம் வந்தனவே. சந்தைக்குச் சென்ற முதல்நாளே, அயல்நாட்டிற்கு வந்தோமா, நம் தோட்டப் பயிர்களின் தாய்வீட்டிற்கு வந்தோமா என்று ஐயுற்றோம்.

இவ்வழியில் நமக்கு முன் சென்றோரும் உளர். வங்காளத்தவரான எம். என். ராய் 1917 இல் மெக்சிகோ சேர்ந்து, ஸ்பானியம் கற்று, அம்மொழியிலேயே நூல் எழுதி வெளியிட்டார். மராட்டியரான பாண்டுரங்க கான்கோஜே, 1924 முதல் சப்பிங்கோ என்னுமிடத்துத் தேசியப் பயிர்த்தொழிற் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, சோளப்பயிரை ஆராய்ந்தார். ஏழை உழவர்க்கு இலவசப் பயிர்த்தொழிற் பள்ளிகள் அமைக்கவும் துணைநின்றார். நாடிழந்து சென்ற இவர்கள், மொழி கற்றமையாலேயே அந்நாட்டார்க்கு உரியவராயினர். கும்பகோணத்திற் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1960களில் இந்திய வயல்களுக்குக் கொணர்வித்த குட்டைக் கோதுமையும், மெக்சிகோவில் நோர்மன் போர்லோக் உருவாக்கியதே.

இனி, செல்வார்க்கு யாம் கூறுவன நான்கு. புறப்படுமுன், பெற விரும்பும் பட்டம் நம் நாட்டில் ஏற்கப்படுமா என்பதை உரிய சபையாரிடம் எழுத்தில் பெறுக. மருத்துவம் கற்பார்க்கு இது இன்றியமையாதது, அவர் மீண்டபின் பதிவுப் பரீட்சையிலும் சித்தியெய்த வேண்டும். பெயரைக் கடவுச்சீட்டிலுள்ளவாறே எல்லாப் பத்திரங்களிலும் எழுதுக. முதல் மூன்று மாதம் நம்மவரோடு மட்டும் கூடி வாழற்க; அவ்வாறு வாழ்ந்தோர் ஆண்டிறுதியிலும் ஊமையராயிருந்ததைக் கண்டோம். பிழைபட்டாலும் பேசுக, சிரிப்பார் சிரிக்க.

பாசிக்குடாவில் முழந்தாளளவு நீரில் நெடுந்தூரம் நடக்கலாம். எம்மூர்ச் சிறுவர் ஒரேநாளில் நீந்தக் கற்பதில்லை. நாளுக்குச் சில அடியாக உட்சென்று, கால் பாவாத இடத்தை ஒருநாள் அறியாமலே அடைகின்றனர். மொழியும் அத்தகையதே. யாம் அவ்விடத்தை அடைய எட்டு மாதமாயிற்று.

நான்காம் ஆண்டில் எந்தையார் வயலை மீட்டோம். ஊர் மீண்டபின் அவரைக் கதிரையில் இருத்தி, அச்சொல்லின் கதையைக் கூறினோம். அவர் சிரித்த சிரிப்பு இன்றும் எம் செவியில் உளது.

எம்மை ஆளாக்கிய கல்லூரி நீடு வாழ்க!