வைரத்தை வைத்தே செறிபொருள் இயற்பியல் படிக்கலாம்

கேள்வி: எம்.எஸ்ஸி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். செறிபொருள் இயற்பியல் தாளில் அணிக்கோவை, தலைகீழ் அணிக்கோவை, பிரில்லுவான் மண்டலம் என்று படம் வரைந்துகொண்டே இருக்கிறோம். தேர்வில் எழுதிவிடுவேன், எதற்குப் படிக்கிறோம் என்பதுதான் பிடிபடவில்லை. அப்பா திருச்சியில் அமெரிக்கன் டைமண்ட் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர். "கல்லைப் பத்தி ஏதாவது சொல்லித் தர்றாங்களாம்மா?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. எப்படிப் படிப்பது, சார்?
- ஒரு மாணவி, ஸ்ரீரங்கம்

பதில்: அப்பாவின் கேள்வியையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு திடப்பொருளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் அத்தியாயத்தையும் அதனிடம் கொண்டுபோய்க் கேட்டால் பாடம் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். உங்களுக்கு வைரம் பொருத்தம்.

நகைக்கடையில் கல்லைச் சோதிக்கும் பேனா போன்ற கருவியைப் பார்த்திருப்பீர்கள். அதன் முனை இளஞ்சூடாக இருக்கும். கல்லில் வைத்ததும் சூடு சட்டென்று இறங்கினால் வைரம். இறங்கத் தயங்கினால் அமெரிக்கன் டைமண்ட், அதாவது கியூபிக் சிர்கோனியா. மோய்சனைட்டும் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் இந்தக் கருவியை ஏமாற்றிவிடும்.

செம்பில் வெப்பத்தைச் சுமப்பவை கட்டற்ற எலக்ட்ரான்கள். வைரத்தில் அவை கிடையாது. ஆனாலும் நல்ல வைரம் செம்பைவிட ஏறத்தாழ 5 மடங்கு வெப்பம் கடத்தும். சுமப்பவை அணிக்கோவையின் அதிர்வுகள், அதாவது போனான்கள். கார்பன் லேசான அணு, பிணைப்போ மிக விறைப்பு, அடுக்கிலும் பிசகு குறைவு. அதிர்வு நெடுந்தூரம் ஓடுகிறது. சிர்கோனியாவைக் கனசதுர அமைப்பில் நிறுத்த இட்ரியம் சேர்ப்பார்கள். இட்ரியத்தின் மின்சுமை சிர்கோனியத்தைவிட ஒன்று குறைவு. அதை ஈடுகட்ட ஆங்காங்கே ஆக்சிஜன் இடங்கள் காலியாகின்றன. அங்கெல்லாம் போனான் சிதறுகிறது, வெப்பம் தேங்குகிறது.

தன்வெப்ப அத்தியாயத்துக்கு வாருங்கள். டூலாங்-பெட்டிட் விதி சொல்லும் அளவில் கால்பங்குதான் அறை வெப்பநிலையில் வைரத்துக்கு உண்டு. 1907இல் ஐன்ஸ்டைன் தன் குவாண்டம் விளக்கத்தை உரசிப்பார்த்தது வைரத்தின் அளவீடுகளோடுதான். ஆற்றல் பட்டைகளிலும் இதே கதை. வைரத்துக்கும் சிலிக்கனுக்கும் ஒரே படிக அமைப்பு. ஆற்றல் இடைவெளி மட்டும் 5.5 எலக்ட்ரான் வோல்ட், 1.1 எலக்ட்ரான் வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றல் 3 எலக்ட்ரான் வோல்ட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதனால் வைரம் ஒளியை உள்ளே விடுகிறது, சிலிக்கன் விழுங்கிவிடுகிறது.

உங்களுக்குப் பக்கத்தில், திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி.வி. ராமனும் வைரத்தை விடாமல் ஆராய்ந்தவர். படிக அதிர்வெண்கள் தொடர்ச்சியாகப் பரவியிருக்கின்றன என்ற மாக்ஸ் பார்னின் கொள்கையை 1940களில் கடுமையாக எதிர்த்தார்; குறிப்பிட்ட சில அதிர்வெண்களே உண்டு என்றார். பின்னால் நடந்த நியூட்ரான் சிதறல் சோதனைகள் பார்ன் பக்கமே சாய்ந்தன. வகுப்பில் ஒரே வரியில் தாண்டிப்போகும் பார்ன்-வான் கார்மன் எல்லை நிபந்தனைக்குப் பின்னால் இவ்வளவு பெரிய சண்டை இருக்கிறது.

பாடப்புத்தகங்களில் கிட்டல் படிகத்திலிருந்து தொடங்குவார். ஆஷ்கிராஃப்ட்-மெர்மின் உலோகத்தின் எலக்ட்ரான்களை எடுத்துக்கொண்டு, எளிய கொள்கை எங்கே இடறுகிறது என்று காட்டியபின்தான் அணிக்கோவைக்கு வருவார்கள். 'எதற்கு' என்று கேட்கும் உங்களுக்கு இரண்டாவது புத்தகம் ஒத்துவரும்.

கையோடு ஒரு கணக்கு. இரு வகை அணுக்கள் மாறிமாறி வரும் ஒற்றைப் பரிமாணச் சங்கிலிக்கு அதிர்வெண் வரைபடம் போடுங்கள். பிறகு இரண்டு நிறைகளையும் சமமாக்குங்கள். மண்டல எல்லையில் இருந்த இடைவெளி மூடிவிடும்: அலகுக்கூடு பாதியாகிறது, பிரில்லுவான் மண்டலம் இரட்டிக்கிறது, தனி ஒளியியல் கிளை என்று ஒன்று இல்லாமல் போகிறது. அப்படியானால் எல்லா அணுவும் கார்பனாக இருக்கும் வைரத்தில் ஒளியியல் கிளை எப்படி வந்தது? அங்கே பக்கத்துப் பக்கத்து அணுக்களின் பிணைப்புகள் எதிரெதிர்த் திசை நோக்குகின்றன. ஆகவே அலகுக்கூட்டில் இரண்டு அணு இருந்தே தீர வேண்டும். வைரத்தின் ராமன் நிறமாலையில் 1332 அலையெண்ணில் தெரியும் ஒற்றைக் கோடு அந்தக் கிளை தருவதுதான்.