கார்ட்டூன் தரும் தினக்கூலி

பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் எங்கள் வரிசையில் ஐந்து வீடு, ஒரே மொட்டைமாடி. பாதிக்கு மேல் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்கள். பொம்மசந்திரா கம்பெனிகளில் ஷிஃப்ட் வேலை. யார் வீட்டுப் பிள்ளை ஹோம்வொர்க் முடிக்கவில்லை என்பது எல்லாச் சுவருக்கும் தெரியும். ஏடிஎச்டி என்ற சொல் ஒரு பள்ளி டைரி வழியாக இங்கே வந்து சேர்ந்தது. அதைப் பற்றிய தீர்ப்புகள் மொட்டைமாடியில் அதற்கு முன்பே தயாராக இருந்தன.

“மூணு மணி நேரம் அசையாம கார்ட்டூன் பார்க்கிறான், அவனுக்கா கவனக்குறைவு?”

அதிகம் கேட்பது இதைத்தான். ஏடிஎச்டிக்குத் தமிழில் ‘கவனக்குறைவு’ என்று வைத்த பெயரே நம்மைத் தப்பான திசையில் அனுப்புகிறது. இந்தப் பிள்ளைகளிடம் கவனம் நிறையவே இருக்கிறது. அதை வேண்டிய இடத்துக்குத் திருப்புவதும், அங்கே நிறுத்துவதும், நேரமானதும் எடுப்பதும்தான் பாடு. கார்ட்டூன் நொடிக்கு நொடி கூலி கொடுக்கிறது. ஏழாம் வாய்ப்பாடு பரீட்சை வரை கடன் சொல்கிறது. கடன் வேலைக்கு இந்த மூளை லேசில் எழுந்து வராது. டிவியை அணைத்தால் ரகளை வருவதும் அதே கதைதான். 2007-ல் அமெரிக்காவில் வெளியான மூளைப் பட ஆய்வொன்று, இவர்களுடைய மூளைப் புறணியின் வளர்ச்சி சராசரியாக மூன்று ஆண்டு பிந்துவதாகக் கண்டது. பாதை மற்றவர்களுடையதுதான், வேகம் மட்டும் வேறு.

“வளர்ப்பு சரியில்ல. ரெண்டு போடு போட்டா சரியாயிடும்.”

உயரம் போல ஏடிஎச்டியும் பெருமளவு பரம்பரையில் வருவது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. அடியால் பயம் வரும், அவ்வளவுதான். செல்போன்மேல் பழி போடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி உரையாற்றியது 1902-ல். சர்க்கரையும் காரணமில்லை.

“மாத்திரை கொடுத்தா பிள்ளை மந்தமாகித் தூங்கி வழியும்.”

பரவலாகக் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் தூக்க மருந்தே அல்ல, ஊக்க மருந்து. 1944-ல் சீபா கம்பெனி வேதியியலாளர் லியாண்ட்ரோ பானிட்சோன் தயாரித்தது. ரிட்டலின் என்ற பெயர் அவர் மனைவி ரீட்டாவிடமிருந்து வந்தது. மூளையின் ‘பொறு’ என்று சொல்லும் பகுதியை அது எழுப்பிவிடுகிறது. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். அதனால் எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். பிள்ளை மந்தமாகத் தெரிந்தால் அளவைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. டீச்சர் டைரியில் எழுதிவிட்டால் ஏடிஎச்டி என்று முடிவாகிவிடாது. வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என்றிருக்கும் பிள்ளை, பாடம் புரியாமலேகூட ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். காது, கண், தூக்கம் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். ஏடிஎச்டியைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில், ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சத்தமே போடாமல் கனவில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளை டைரி கண்டுகொள்வதே இல்லை.

“வயசானா தானா போயிடும்.”

சிலருக்குக் குறையும், பலருக்கு உருமாறும். கால் ஓடுவது நின்று, ஓட்டம் உள்ளே போய்விடும். பைக் சாவி, கரண்ட் பில், அடுப்பில் வைத்த பால் எல்லாம் மறக்கும். வாக்கியம் முடியுமுன் குறுக்கே பேச்சு வரும். ஆனால் வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறுகிற எந்த மனிதருக்கும் இதில் பாதி இருக்கும். அதனால்தான் டாக்டர்கள் சிறுவயதுக் கதையைத் துருவுகிறார்கள்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நம் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் காசில்லாமல், தமிழிலும் பேசலாம்.

மகனை டாக்டரிடம் காட்டப் போன எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் தன் பதிலையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாராம். அடுத்த ஞாயிறு தருமபுரி போய், பரணிலிருந்து தன் பழைய பிராக்ரஸ் ரிப்போர்ட்டுகளை எடுத்து வந்தார். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, கையெழுத்து மட்டும் மாறி மாறி, ஒரே குறிப்பு: “புத்திசாலி. கவனம் போதாது.”